சீகைமட்டத்தில் நாற்பது நாள்

குணசீலன் சீகைமட்டத்துக்கு வந்தது அந்த ஊரைக் காலி செய்வதற்கு. அப்படி யாரும் எழுத்தில் சொல்லவில்லை. உத்தரவில் இருந்தது ‘நாற்பது நாள் வெப்பச் சோதனை’ என்றுதான். ஆனால் வெப்ப அலுவலராக அவர் இதற்குமுன் சோதித்த மூன்று மலை ஊர்களும் இன்று ஆளில்லாமல் கிடக்கின்றன. மூன்று ஊர் ஜனங்களும் மூட்டை முடிச்சோடு அடிவாரத்து முகாமுக்கு இறங்கிவிட்டார்கள். இறங்கும்போது ஒருவர்கூட அவரைத் திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவர் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

எல்லாம் வான்திரையால் வந்தது. பூமியின் காய்ச்சலைத் தணிக்கிறோம் என்று நாடுகள் எல்லாம் கூடிப் பேசி, வானத்தின் மேலடுக்கில் நுண்ணிய தூளைத் தூவி ஏழு வருடம் ஆகிறது. சூரியன் அன்றிலிருந்து பால் கலந்ததுபோல வெளுத்துத்தான் தெரிகிறது. சமவெளிக்கு அது உயிர்ப்பிச்சை. வேலூரில் ஐம்பதைத் தொட்ட வெயில் முப்பத்தெட்டுக்கு இறங்கியது. குணசீலனின் அண்ணன் வான்திரைக்கு முந்தின வருடம் ஒரு கட்டட வேலையில், சென்ட்ரிங் பலகைமேல் நின்றபடியே வெயில் தாக்கிச் செத்துப்போனவர். ஆகவே வான்திரையை யாராவது குறை சொன்னால் குணசீலனுக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

சமவெளி பிழைத்ததற்கு மலை விலை கொடுத்தது. நீலகிரியில் முன்பெல்லாம் மார்கழியில் நாலைந்து நாள் வந்துபோகிற உறைபனி, இப்போது கார்த்திகையில் வந்து உட்கார்ந்தால் பங்குனி வரைக்கும் எழுந்திருப்பதில்லை. சூரியத் தகடுகள் பாதி வேலைதான் செய்கின்றன. மலைக்கு வருகிற மின்சாரம் விளக்குக்கும் ஒன்றிரண்டு மோட்டாருக்கும் போதும், வீட்டைச் சூடாக்கப் போதாது. எரிக்க மரம் உண்டு, ஆனால் அளவோடு. சோலைக்காட்டில் கை வைக்கக் கூடாது. எங்கிருந்தோ வந்து காட்டை விழுங்கிக்கொண்டிருக்கிற சீகை மரமும் உண்ணிச்செடியும் கொஞ்சம் கற்பூர மரமும், அதாவது யூகலிப்டஸும்தான் வெட்டலாம்.

இந்த நிலையில் அரசாங்கம் ஒரு கணக்குப் போட்டது. ஒதுக்கப்பட்ட மரத்தை வைத்துக்கொண்டு ஓர் ஊர் நாற்பது நாள் வீடுகளைப் பதினைந்து டிகிரிக்குக் குறையாமல் காத்துக் காட்டினால் அங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் இறங்க வேண்டியதுதான். சீகைமட்டத்தில் தொண்ணூற்றாறு வீடுகள். அவற்றில் பன்னிரண்டில் வெள்ளை நிற அளவுப் பெட்டி சுவரில் மாட்டப்பட்டது. அந்தப் பன்னிரண்டில் ஏதாவது ஒரு வீடு தொடர்ந்து ஆறு மணி நேரம் பதினைந்துக்குக் கீழே கிடந்தால் ஊர் தோற்றதாக அர்த்தம்.

முதல் நாள் குணசீலனை வரவேற்றது பவளராணி. நாற்பது வயதிருக்கும். தலையில் கம்பளி முக்காடு, காலில் ஆண்கள் போடுகிற ரப்பர் பூட்ஸ். மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலையில், அந்த ஊர்க்காரர்கள் சொல்கிறபடி சொன்னால் ‘ஸ்டோரில்’, பத்து வருடம் தேயிலை உலர்த்துகிற டிரையரை ஓட்டியவர். இப்போது அதே ஸ்டோரில் ஊருக்கெல்லாம் ஒரே கொதிகலன் நிற்கிறது. அதிலிருந்து வெந்நீர்க் குழாய் வீடு வீடாகப் போய்த் திரும்புகிறது. அதற்குப் பொறுப்பு அவர்தான்.

அந்தக் கொதிகலன் அங்கே வந்ததே பவளராணியின் பிடிவாதத்தால் என்று குணசீலன் கோப்பில் படித்திருந்தார். அதிகாரிகள் முதலில் கொடுக்க வந்தது வீட்டுக்கு ஒரு விறகடுப்பு. மலிவு, உடனே கிடைக்கும். கூட்டத்தில் பவளராணி எழுந்து, புகை பட்ட தேயிலையை ஏலத்தில் எவனும் தொடமாட்டான், புகையிலேயே நாங்கள் மட்டும் படுத்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். அடுத்து, மரத்தூளை அழுத்திச் செய்த குச்சிகளைக் கீழிருந்து அனுப்புவதாகச் சொன்னார்கள். அது நல்ல எரிபொருள்தான் என்று ஒத்துக்கொண்டவர், பனி உறைந்த கொண்டைஊசி வளைவில் லாரி வராத நாளில் எதை எரிப்பது என்று கேட்டிருக்கிறார். கடைசியில் உள்ளூர் மரத்தைச் சில்லாக வெட்டிப் போட்டு எரிக்கிற ஒரே பெரிய கொதிகலன் என்று முடிவானது. கூட்டக் குறிப்பு எழுதிய குமாஸ்தா அந்த இடத்தில் ‘அம்மையார் அமர்ந்தார்’ என்று எழுதியிருந்தார். அதைப் படித்தபோதே குணசீலனுக்கு இந்த மனுஷியைப் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

அவர் தயங்கித் தயங்கிச் சோதனை விதிகளைச் சொல்லி முடித்தார். பவளராணி பொறுமையாகக் கேட்டார்.

“எங்க ஆளுங்கள ஒருக்கா தேயிலைக்குன்னு சிலோனுக்கு ஏத்திவிட்டாங்க சார். அப்புறம் ஒப்பந்தம் போட்டாச்சுன்னு இங்க கொண்டாந்து விட்டாங்க. ரெண்டு தடவையும் எங்ககிட்ட ஒருத்தரும் கேக்கல. நீங்களாச்சும் நாப்பது நாளு கேக்குறீங்க. பரவாயில்ல.”

சொல்லிவிட்டு டீ போடப் போனார். குணசீலனுக்குக் காது மடல் சுட்டது. இனி ஒரு தடவை அந்த ஜனங்கள் மூட்டை கட்டக் கூடாது, அவருக்கு நாற்பது நாளும் அந்த நினைப்புதான். ஆனால் அளக்க வந்தவன் ஆசைப்படக் கூடாது. அந்த விஷயத்தில் அவர் கறார்.

ஒதுக்கீடு எழுபது டன் பச்சை மரம். குணசீலன் கணக்குப் போட்டுப் பார்த்ததில், அது முப்பத்து மூன்று நாளைக்குத்தான் வரும். பச்சை மரத்தில் பாதி எடை தண்ணீர். எரிகிற சூட்டில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். மூன்று ஊர்களும் தோற்றது இந்த இடத்தில்தான். வெட்டிய சில்லை மழை படாமல் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தார்கள். மூடிய குவியல் உள்ளுக்குள்ளேயே புழுங்கி, பூசணம் பிடித்து, எரிக்கும்போது புகையைத் தவிர ஒன்றும் தரவில்லை. சீகைமட்டத்திலும் ஒப்பந்தக்காரர் அப்படித்தான் முதல் குவியலை மூடிவிட்டுப் போயிருந்தார். பவளராணி அதற்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டுப் பார்த்திருக்கிறார்.

“கொழுந்த சாக்குல அமுக்கி ரெண்டு நாளு வெச்சா என்னா ஆகும்? வெந்துரும். இதுவும் எலைக்கு அண்ணந்தம்பிதானே சார். மூச்சு விட எடம் குடுக்கணும்.”

அப்படிச் சொல்லி அவர் குணசீலனை மாடிக்கு அழைத்துப்போனார். அங்கேதான் குணசீலன் வாயைப் பிளந்தார். தேயிலைக் கொழுந்தை வாட்டுவதற்கான நீளநீளத் தொட்டிகள், அடியில் கம்பி வலை, ஓரத்தில் காற்றாடி. அவை நிறைய, ஒரு சாண் உயரத்துக்கு, மரச்சில் பரப்பப்பட்டிருந்தது. கொதிகலனின் புகைபோக்கியைச் சுற்றி ஒரு தகர உறை போட்டு, வீணாகப் போகிற சூட்டில் காற்றைக் காய்ச்சி, அந்தக் காற்றைத் தொட்டிக்குள் விட்டிருந்தார்கள். புகை தன் வழியே போகிறது, சூடு மட்டும் உள்ளே வருகிறது. கொழுந்து வாட்டிப் பழகிய ஆறு பேர் கையால் புரட்டிக்கொண்டே இருந்தார்கள். பச்சைச் சில் இரண்டு நாளில் பாதி ஈரத்தை இழந்து இறங்கியது. எழுபது டன் மரம், ஒரு கிளைகூட அதிகமாக வெட்டாமல், நாற்பது நாளைத் தாண்டும் மரமாகிவிட்டது. இதற்கு ஒரு பொறியாளரும் படம் வரையவில்லை. குணசீலன் முப்பது வருட சர்வீசில் இவ்வளவு எளிமையான, இவ்வளவு கெட்டியான ஒரு யோசனையைப் பார்த்ததில்லை. அதை அப்படியே அவரிடம் சொல்லியும் விட்டார். பவளராணி வெட்கப்படவில்லை. தெரிந்த விஷயம்தானே என்பதுபோலத் தலையாட்டினார்.

நாட்கள் போகப் போக குணசீலனுக்கு வியப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. அவரிடம் ஈரம் அளக்கிற ஊசிமானி இருந்தது. பவளராணியிடம் உள்ளங்கை இருந்தது. சில்லை அள்ளி, கசக்கி, இருபத்தெட்டு என்பார். மானி இருபத்தொன்பது காட்டும். முப்பது தடவை சோதித்துப் பார்த்தும் இரண்டுக்குமேல் வித்தியாசம் வரவில்லை. அதற்குப் பிறகு குணசீலன் மானியைக் கோப்புக்காக மட்டும் பயன்படுத்தினார்.

இன்னொன்று, பவளராணி நாள் முழுவதும் ஒரே மாதிரி எரிப்பதில்லை. விடிகாலைக்குச் சீகை, நின்று நிதானமாக எரியும். பிள்ளைகள் பள்ளிக்கும் பெரியவர்கள் தோட்டத்துக்கும் போனபின் லயத்து வரிசை வீடுகளில் ஆளே இல்லை, அப்போது எதற்குச் சூடு என்று நெருப்பை அடக்கி வைப்பார். சாயங்காலம் எல்லோரும் திரும்பி, கதவு திறப்பதும் மூடுவதுமாக இருக்கிற நேரத்துக்கு, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கிடைக்கிற மிலாறு. குச்சிதான், ஆனால் சட்டென்று பிடிக்கும். கற்பூர மரத்தை மட்டும் கஞ்சத்தனமாக எடுத்து வைத்து, கடும்பனி இறங்குகிற நாளுக்குக் கொடுப்பார். மருந்துக்கடைக்காரர் அலமாரியைப் பார்த்து எடுப்பதுபோல அவர் விறகைப் பார்த்து எடுப்பார். முப்பத்தைந்தாம் நாள் வரை பன்னிரண்டு பெட்டிகளில் ஒன்றுகூடப் பதினாறுக்குக் கீழே போகவில்லை. குணசீலனுக்கு வாழ்க்கையில் முதன்முறையாக ‘தேறியது’ என்று எழுதப்போகிற சந்தோஷம் வந்துவிட்டது. பேனாவைக்கூட மாற்றி வைத்தார்.

வினை வந்தது ஈரத்தால் அல்ல, ஈரமில்லாததால்.

கடைசியாக வந்த சுமை உண்ணிச்செடி. வேரோடு பிடுங்கியது, பட்டையெல்லாம் மண். வாட்டுகிற ஆறு பேருக்கும் தலைவர் சூசை. டிரையரிலிருந்து வருகிற தேயிலைத் தூளைக் காதருகே குலுக்கிப் பார்த்தே காய்ந்துவிட்டதா என்று சொல்லக்கூடிய ஆள். கொதிகலனோடு வந்த புத்தகத்தில் சில்லில் முப்பது சதவீதம் ஈரம் இருக்கலாம் என்று போட்டிருந்தது. அதைப் படித்தபோதே சூசைக்கு அவமானமாக இருந்ததாம். முப்பது சதவீத ஈரத்தில் எதையாவது கீழே இறக்கினால் ஸ்டோரில் தேயிலைப் பதம் பார்க்கிற பழைய டீமேக்கர் கன்னத்தில் அறைந்திருப்பார். தேயிலைக்கு மூன்று சதவீதம்தான் கணக்கு. கொஞ்சம் கூடுதலாகக் காயவைத்துப் பார்த்தார்கள். நெருப்பு நன்றாகப் பிடித்தது. இன்னும் காயவைத்தார்கள். இன்னும் நன்றாகப் பிடித்தது. கடைசி மூன்று நாள் சில் கையில் அள்ளினால் சலசலவென்று சத்தம் போட்டது. பவளராணியும் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டேதான் போனார். அந்தச் சத்தம் அவர்கள் எல்லோருக்கும் நல்ல வேலையின் சத்தம்.

அந்தக் கொதிகலனோ ஈர மரத்துக்கென்று செய்தது. மொறுமொறுத்த சில் அதற்குள் போனதும் ஜுவாலை கட்டுக்கடங்காமல் எழுந்தது. பட்டையில் இருந்த மண் உருகிப் பாகாக ஓடி, உலைத் தட்டின் கம்பிகளுக்கு இடையே இறங்கி, கண்ணாடிபோல இறுகிவிட்டது. முப்பத்தெட்டாம் நாள் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, சில்லை நகர்த்துகிற தட்டு ஒரு தடவை முனகிவிட்டு நின்றது.

நெருப்பை இறக்கி, உலை ஆறி, ஆள் உள்ளே போய் உளியால் அந்தக் கட்டியைக் கொத்தி எடுக்க வேண்டும். குறைந்தது ஒரு நாள். வெளியே அன்றைக்குப் பகலிலேயே பூஜ்யம். இரவில் அதற்கும் நாலு டிகிரி கீழே போகும் என்று முன்னறிவிப்பு.

சூசை உலைக்கு முன்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பவளராணி பெரிய உளியை எடுத்து அவர் கையில் கொடுத்து, ஆறினதும் நீதான் மொதல்ல எறங்கணும் என்று மட்டும் சொன்னார். பிறகு குணசீலனிடம் வந்தார்.

“ஈரத்தப் பாத்தா எங்களுக்குக் கை சும்மா இருக்காது சார். தூளு காயவெக்கிற மாதிரி காயவெச்சுட்டோம். பச்சச் சில்லு கொஞ்சம் கலந்து போட்டிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. எனக்குத் தெரிஞ்சிருக்கணும். தப்பு என்னோடது, அப்படியே எழுதிக்குங்க.”

தப்பு செய்கிறவர்களை குணசீலன் நிறையப் பார்த்திருக்கிறார். செய்த தப்பை இவ்வளவு சுத்தமாகக் கையில் எடுத்துக் காட்டியவரைப் பார்த்ததில்லை.

கொதிகலனோடு சேர்ந்த வெந்நீர்த் தொட்டியில் பத்தாயிரம் லிட்டர் மிச்சமிருந்தது. ஊர் முழுவதற்கும் விட்டால் இரண்டு மணி நேரம் வரும். ஏதாவது சில வீடுகளுக்கு மட்டும் விட்டால் மறுநாள் காலை வரைக்கும் இழுக்கலாம். எந்த வீடுகள் என்பதுதான் கேள்வி. பவளராணி யோசிக்கவே இல்லை. நாகேஸ்வரியின் குழந்தை பிறந்து பதினோரு நாள். அந்தோணியம்மாளுக்கு ஆஸ்துமா. பக்கவாதத்தில் படுத்திருக்கிறவர்கள் இரண்டு பேர். இப்படி விரல் விட்டு ஒன்பது வீடு எண்ணி, மற்ற வால்வுகளையெல்லாம் மூடச் சொல்லிவிட்டார்.

குணசீலன் அப்போது ஒரு காரியம் செய்தார். அதை நினைத்தால் அவருக்கு இப்போதும் கூச்சம்தான். பவளராணியைத் தனியே அழைத்து, குரலைத் தாழ்த்தி, அந்த ஒன்பது வீட்டில் ஒன்றில்கூட அளவுப் பெட்டி இல்லை என்றார். பெட்டி உள்ள வீடுகள் பன்னிரண்டு, எண்ணிக்கையில் பெரிய வித்தியாசமில்லை, இன்னும் இரண்டே நாள்தான் பாக்கி என்றும் சொன்னார்.

பவளராணிக்குக் கோபமில்லை.

“பெட்டிக்குக் குளிருமா சார்?”

அவ்வளவுதான் கேட்டார். பிறகு திருகியை எடுத்துக்கொண்டு கடைசி வால்வை மூடப் போனார். ஊரே அந்த மூன்றாவது மூட்டையைக் கட்டப்போகிறது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் மூடினார். குணசீலன் அந்த இடத்திலேயே நின்றார். இத்தனை வருடமாகத் தான் அளந்துவந்ததெல்லாம் பெட்டிகளைத்தானோ என்று அவருக்கு இருந்தது.

அன்றிரவு அவர் ஸ்டோரிலேயே இருந்து, உலைக்குள் இறங்கியவர்களுக்கு விளக்குப் பிடித்தார். பெட்டிகளைப் பார்க்கப் போகவில்லை. சாவு வீட்டுக்குப் போகிற மாதிரி அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். விடிந்து எட்டரைக்குமேல்தான் நோட்டை எடுத்துக்கொண்டு லயத்துப் பக்கம் நடந்தார். புல்மேல் பனி கல்லாக இறுகிக் காலடியில் நொறுங்கியது. வழியில் எந்த வீட்டிலும் ஆள் அரவமில்லை. கதவுகள் வெளியே பூட்டியிருந்தன. இரவோடு இரவாக இறங்கிப் போய்விட்டார்களோ என்று ஒரு கணம் நினைத்தார்.

பெட்டி மாட்டிய முதல் வீடு எண் மூன்று. கதவிடுக்கில் தலையை நீட்டிப் பெட்டியைப் பார்த்தார். 16.3. பெட்டி பழுது என்று நினைத்து விரலால் தட்டினார். அப்புறம்தான் உள்ளே பார்த்தார்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. அதில் முழங்காலோடு முழங்கால் இடிக்க இருபத்து நாலு பேர். நடுவில் பிள்ளைகள், சுற்றிப் பெண்கள், சுவரோரம் ஆண்கள். ஒருத்தி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு பையன் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். யாரோ சொன்ன எதற்கோ எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். குணசீலன் நோட்டோடு நிற்பதைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது.

வான்திரை போட்ட முதல் பனிக்காலத்தில், கொதிகலனும் இல்லாமல் அடுப்பும் இல்லாமல், அவர்கள் இப்படித்தான் நாலு குடும்பம் ஓர் அறையில் அடைந்து பிழைத்தார்களாம். நேற்று சாயங்காலம் யாரும் கூட்டம் போடவில்லை, யாரும் உத்தரவு போடவில்லை. எந்த வீட்டில் அடைவது என்பதை மட்டும் இந்தத் தடவை யோசித்துச் செய்திருக்கிறார்கள். பன்னிரண்டு வெள்ளைப் பெட்டிகளுக்கும் ஆள் பங்கு போட்டிருக்கிறார்கள். ஒரு மனித உடம்பு சும்மா உட்கார்ந்திருந்தாலே ஒரு பழைய குண்டு பல்பு அளவுக்குச் சூடு தரும் என்பது குணசீலன் கல்லூரியில் படித்தது. அதை இவர்கள் எங்கே படித்தார்களோ.

வீடு வீடாகப் போனார். பதினாறு, பதினைந்து புள்ளி எட்டு, மறுபடி பதினாறு. அவருக்கு நடையில் ஒரு துள்ளல் வந்துவிட்டது. நாற்பத்தொன்றாம் எண் வீட்டுக்கு வரும்வரைதான் அது. கடைசி லயத்தின் மூலை வீடு, இரண்டு பக்கமும் காற்று. பெட்டியில் 14.7. பதினைந்துக்குக் கீழே இறங்கி ஐந்து மணி பத்து நிமிடம் ஆகியிருந்தது. இன்னும் ஐம்பது நிமிடம் போனால் ஊர் காலி. உள்ளே இருபத்து மூன்று பேர்தான். ஒருவரை உலைக்குள் உளி பிடிக்க அனுப்பியிருந்தார்கள்.

எண்ணைக் குறித்துக்கொண்டு அவர் நகர்ந்திருக்க வேண்டும். வாசலில் நின்றபடியே திகைத்துவிட்டார். குளிர் காற்று அவர் தோளுக்கு மேலாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

“உள்ள வாறதுன்னா வாங்க சார், இல்லாட்டி கதவச் சாத்துங்க. பிள்ளைக நடுங்குதுல்ல” என்றாள் வாசலோரம் இருந்த பெண்.

அவர் கதவைச் சாத்தினார், ஆனால் உள்பக்கமாக. யாரோ நகர்ந்து இடம் விட்டார்கள். உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் தோள்கள் அழுத்தின. கையில் இஞ்சி தட்டிப் போட்ட டீ வந்தது. வேலூரில் மனைவி போனபின் பூட்டியே கிடக்கிற வீடு ஒன்று அவருக்கு உண்டு. அங்கே எப்போதும் முப்பது டிகிரிக்குக் குறைந்ததில்லை. ஆனாலும் இவ்வளவு கதகதப்பாக அங்கே இருந்து எத்தனை வருடம் ஆயிற்று என்று அவருக்கு ஞாபகமில்லை. பக்கத்துப் பெண்மணி அவரிடம் கல்யாணத்துக்கு நிற்கிற மகன், மகள் உண்டா என்று விசாரித்தாள். இல்லை என்றார். அட பாவமே என்று மனதாரச் சொன்னாள்.

அரைமணி கழித்துப் பெட்டியை நிமிர்ந்து பார்த்தார். 15.1.

மத்தியானம் ஒரு மணிக்கு உலை மறுபடி மூச்சு விட்டது. பவளராணி இந்தத் தடவை மூன்று கூடை காய்ந்த சில்லுக்கு ஒரு கூடை பச்சைச் சில் என்று கலந்து போட்டார். நாற்பதாம் நாள் சாயங்காலம் பெட்டிகளைக் கழற்றினார்கள். எந்தப் பெட்டியும் ஆறு மணி நேரம் தாழ்ந்திருக்கவில்லை. ஊரில் யாரோ வெடி போட்டார்கள்.

குணசீலன் மட்டும் அறிக்கைத் தாளின் முன்னால் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து ஸ்டோருக்குப் போய் பவளராணியிடம் விஷயத்தைச் சொன்னார். நாற்பத்தொன்றாம் வீட்டில் சூடு ஏறியது அவர் உள்ளே போனபிறகு. இருபத்து மூன்று பேரால் முடியாததை இருபத்து நாலாவது ஆள் செய்திருக்கிறார். அந்த ஆள் அளக்க வந்த அலுவலர். அதை எழுதினால் சோதனையே செல்லாது என்று மேலிடம் சொல்லலாம்.

பவளராணிக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. நீங்க உள்ள போகாம இருந்திருக்கலாம்ல என்று கேட்டார். போகாமல் இருந்திருந்தால் தோற்றிருப்பீர்கள் என்றார் குணசீலன். பவளராணி வாயைத் திறந்து, மூடி, சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அவர் இப்படி வாய்விட்டுச் சிரித்து குணசீலன் பார்த்ததில்லை. சிரிப்பு அடங்கியதும் முகம் பழையபடி ஆனது.

“உள்ளத எழுதுங்க சார். இவ்வளவு தூரம் உள்ளதச் சொல்லித்தானே வந்தோம்.”

எழுதினார். தட்டு இறுகியது, யார் தப்பு, ஒன்பது வீட்டுக்கு வெந்நீர் போனது, பன்னிரண்டு வீட்டில் ஜனங்கள் அடைந்தது, எதையும் விடவில்லை. பயன்பட்ட வெப்ப ஆதாரங்களை இணைப்பு மூன்றில் வரிசையாகத் தர வேண்டும் என்பது விதி. சீகை, உண்ணி, மிலாறு, கற்பூரம் என்று டன் கணக்கில் எழுதியபிறகு, பன்னிரண்டு வீடுகளிலும் இருந்த ஆட்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். இருநூற்று எண்பத்தெட்டுப் பெயர்கள். ஏழு பக்கம் வந்தது. கடைசிப் பெயர்: குணசீலன், வெப்ப அலுவலர். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை அங்கேயே இருக்க வேண்டும் என்பதால் தன் துணிப்பெட்டியைக் கட்டாமல் காத்திருந்தார். ஊரும் காத்திருந்தது. மூட்டை கட்டுவதற்குச் சாக்குகளைக்கூடச் சிலர் எடுத்து உதறி வைத்தார்கள்.

அறிக்கை அனுப்பிய பதினாறாம் நாள் பதில் வந்தது. குணசீலன் அதை ஸ்டோரில் எல்லோருக்கும் முன்னால் படித்தார். சீகைமட்டம் குடியிருப்பு தொடரலாம். சில் வாட்டும் முறையையும் கலக்கும் முறையையும் எழுதி அனுப்பினால் மற்ற மலை ஊர்களுக்கும் கொடுக்கப்படும். பெண்கள் அழுதார்கள். சூசை உளியை உத்தரத்தில் மாட்டிவிட்டு வெளியே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

கூட்டம் கலைந்தபிறகு பவளராணி, அப்ப எந்த பஸ்ஸுக்குப் பொறப்படுறீங்க சார் என்று கேட்டார். கேட்டபோது கொதிகலன் பக்கம் திரும்பிக்கொண்டார். குணசீலன் தாளின் இரண்டாம் பக்கத்தை நீட்டினார். அதில் ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. எழுதிய அதிகாரி ஏழு பக்கத்தையும் புரட்டிப் பார்க்காமல் எழுதினாரா, கடைசிப் பெயர்வரை படித்துவிட்டுத்தான் எழுதினாரா என்று குணசீலனுக்கு இன்றுவரை தெரியாது.

‘இணைப்பு மூன்றில் கண்ட வெப்ப ஆதாரங்கள் அனைத்தும், குறைவின்றி, ஒவ்வொரு பனிப்பருவத்திலும் மேற்படி இடத்திலேயே இருந்துவர வேண்டும்.’

பவளராணி அதை இரண்டு தடவை படித்தார். தாளை மடித்து அவர் சட்டைப் பையிலேயே திருப்பி வைத்தார்.

“சூச, நாப்பத்தொண்ணாம் நம்பர்ல சாருக்கு ஒரு பாய் போடச் சொல்லு” என்றார். “கதவுப் பக்கமா வேணாம், நடுவுல.”